ஒன்பது நாள் குறைவு

எங்கள் ஊரில் ஒரு பெண் "ஆபரேஷன் பண்ணியாச்சு" என்று சொன்னால், என்ன ஆபரேஷன் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். குடல்வாலுக்கும் பித்தப்பைக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வெறும் ஆபரேஷன் என்றால் அது குடும்பக் கட்டுப்பாடுதான்.

சிகாகோவில் ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சியில், அதாவது குடும்ப மருத்துவ மேற்பயிற்சியில், சேர்ந்த முதல் வருடம், அமெரிக்காவின் கீழ் இருக்கும் கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ஒரு வயதான அம்மாவிடம் பழைய அறுவை சிகிச்சைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். "லா ஒபெராசியோன்" என்றார், ஸ்பானிஷில் ஆபரேஷன். எந்த ஒபெராசியோன் என்று கேட்டேன். சக்கரம் வைத்த கம்பத்தில் மாட்டிய டேப்லெட்டில் இருந்த மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள், அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். என் பெரியம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அதே பார்வைதான் கிடைத்திருக்கும். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, வருடத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். போர்ட்டோ ரிக்கோவில் 1937-இல் ஒரு சட்டம் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு வழி திறந்துவிட்டது. ஜனத்தொகை கூடிப்போனதால்தான் வறுமை என்ற வாதம் அதற்குப் பின்னால் இருந்தது. நமக்கும் பழகிய வாதம்தான். 1960-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். ஆனால் 1965-இல் எடுத்த கணக்கெடுப்பில், 20 முதல் 49 வயது வரையிலான தாய்மார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. எல்லாரையும் கட்டாயப்படுத்திச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. பலர் விரும்பியே செய்துகொண்டார்கள். ஆனால் வேறு வழி எதையும் காட்டாமல் ஒரே ஒரு கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு, "அவர்களாகத்தான் வந்தார்கள்" என்று சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

பெரியம்மாவிடம் போனில் கேட்டேன், அந்தக் காலத்தில் என்ன காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று. "யாரு படிச்சா? நர்சம்மா இங்க வைன்னாங்க, வெச்சேன்" என்றார். அவர் வைத்தது கைநாட்டு. ஆபரேஷனில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை, நிம்மதி என்றுதான் இன்றைக்கும் சொல்வார். காகிதத்தைப் பற்றி நான் ஏன் இவ்வளவு துருவுகிறேன் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

துருவியதற்குக் காரணம் வேறொரு பெண். முப்பத்து மூன்று வயது, மெக்சிகோவிலிருந்து வந்தவர், மூன்றாவது பிரசவம். வீடு லிட்டில் வில்லேஜில். அங்கிருப்பவர்கள் அந்தப் பகுதியை லா வியீத்தா என்பார்கள். 26-ஆவது தெரு முழுக்க இறைச்சிக் கடைகளும் ரொட்டிக் கடைகளும் திருமண உடைக் கடைகளுமாக இருக்கும். முதல் இரண்டும் சிசேரியன் என்பதால் மூன்றாவதும் சிசேரியன்தான் என்று முடிவாகியிருந்தது. வயிற்றைத் திறக்கும்போதே கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்லி அவரே கேட்டார். நான் தூண்டவில்லை. 28-ஆவது வாரச் சந்திப்பிலேயே கேட்டார்.

அன்று டேப்லெட் இணைப்பு இரண்டு முறை அறுந்தது. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். அடுத்த முறை படிவத்தை முடித்துவிடலாம் என்று தள்ளிவைத்தேன். அடுத்த முறை வேறொரு ரெசிடென்ட் பார்த்தார், அவரும் கவனிக்கவில்லை. 36 வாரம் முடிந்த அன்றுதான் அவர் கையெழுத்துப் போட்டார். சிசேரியன் 39 வாரத்தில். இடையில் இருபத்தொரு நாள்.

ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டில் இருப்பவருக்குக் கருத்தடை அறுவை செய்ய வேண்டுமானால், கையெழுத்துப் போட்டதிலிருந்து முப்பது நாள் கழிய வேண்டும். நூற்றெண்பது நாளுக்கு மேல் போனால் காகிதம் காலாவதி. குறைப்பிரசவம், அவசர வயிற்று அறுவை என்றால் எழுபத்திரண்டு மணி நேரம் போதும். ஆனால் இவருக்கு இரண்டும் பொருந்தாது. ஒன்பது நாள் குறைந்தது.

அறுவை அறைக்குள் போகுமுன் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் சங்கடம். "வயிற்றைத் திறக்கத்தானே போகிறீர்கள், தொக்தோரா?" என்றார். ஆமாம். "நான் கேட்டேன்தானே?" அதற்கும் ஆமாம்தான். அதே வார்டில், தனியார் இன்சூரன்ஸ் வைத்திருந்த இன்னொரு பெண் அன்று காலையில் கையெழுத்துப் போட்டு, மதியமே எல்லாம் முடிந்து அறைக்கு வந்துவிட்டார். முப்பது நாள் விதி அவரைத் தொடவில்லை. அரசாங்கக் காசில் பிரசவம் பார்க்கும் பெண் மட்டும்தான் ஒரு மாதம் யோசிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் மருத்துவர் அறையில் அந்த விதியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். ஏழைப் பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கத் தெரியாது என்று எவனோ ஆபீசில் உட்கார்ந்து எழுதியது என்றேன். எங்கள் சீனியர் டாக்டர் ஒருவர், ஓய்வு பெறப் போகிற வயது, சூப்பை ஆற்றிக்கொண்டே, "ஆபீசில் இருந்தவன் எழுதவில்லை. நியூயார்க் பிராங்க்ஸில் இருந்த ஒரு போர்ட்டோ ரிக்கோ டாக்டர் அம்மா சண்டை போட்டு வாங்கியது" என்றார்.

ஹெலன் ரோட்ரிகஸ் ட்ரீயாஸ். 1929-இல் நியூயார்க்கில் பிறந்தவர், போர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்து பத்து வயதில் நியூயார்க்குக்குத் திரும்பியவர். ஆங்கிலம் பேசினார், மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது. ஆனாலும் பள்ளியில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் வகுப்பில் உட்கார வைத்தார்கள், போர்ட்டோ ரிக்கோ பிள்ளை என்பதால். ஒரு நீளமான கவிதையைப் பிசகாமல் ஒப்பித்ததைக் கேட்ட ஆசிரியர் ஒருவர்தான் அவரை அங்கிருந்து மாற்றினார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே மருத்துவம் படித்து, 1960-இல் போர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். சான் ஹுவானில் தீவின் முதல் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு மையத்தை அமைத்தார். மூன்றே வருடத்தில் அந்த மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மரணம் பாதியாகக் குறைந்தது. அதோடு நின்றிருந்தாலே ஒரு மருத்துவருக்கு நிறைவான வாழ்க்கைதான்.

1970-இல் நியூயார்க்கின் தென் பிராங்க்ஸில் இருந்த லிங்கன் மருத்துவமனைக்குக் குழந்தைகள் பிரிவுத் தலைவராக வந்தார். அதே வருடம் ஜூலை 14 அன்று யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பு அந்த மருத்துவமனைக் கட்டடத்தைச் சுமார் பன்னிரண்டு மணி நேரம் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த மக்கள் அந்த இடத்தைக் கசாப்புக் கடை என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒரு இடத்துக்குத் தலைவராக வந்தவர் குழந்தைகள் பிரிவோடு நின்றிருக்கலாம். கருத்தடை அறுவைக்கும் குழந்தை மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் தீவில் பார்த்த லா ஒபெராசியோன் நியூயார்க்கிலும் தன் மக்களுக்கு நடப்பதை அவர் பார்த்தார். கருத்தடை அத்துமீறலை ஒழிப்பதற்கென்றே ஒரு குழு உருவானது, அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

அந்த வருடங்களில் இது ஓர் ஊர்க் கதையாக மட்டும் இல்லை. 1973-இல் அலபாமாவில் பதினாலும் பன்னிரண்டும் வயதான இரண்டு கறுப்பினச் சகோதரிகளுக்குக் கருத்தடை செய்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய், காகிதத்தில் எக்ஸ் போட்டிருந்தார். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களுக்குச் சிசேரியனோடு சேர்த்து நடந்தது. பிரசவ வலியின் உச்சத்தில், ஆங்கிலத்தில் இருந்த காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால்தான் வலிக்கு ஊசி என்று சொன்னதாகப் பெண்கள் பின்னால் சாட்சி சொன்னார்கள். ஸ்பானிஷில் "குழாயைக் கட்டுவது" என்ற பேச்சுவழக்கு உண்டு, நம்மைப் போலவே. கட்டியதை அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். தனக்கு இப்படி நடந்திருக்கிறது என்பதே பின்னாளில்தான் தெரியவந்தவர்களும் உண்டு.

அதை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் ரோசன்ஃபெல்ட் என்ற ரெசிடென்ட் டாக்டர். அங்கேயே பயிற்சியில் இருந்துகொண்டு ஆவணங்களைச் சேர்த்து வக்கீல்களிடம் கொண்டுபோனார். ரெசிடென்ட் என்ற வார்த்தையில் நான் கொஞ்சம் நின்றேன். எங்கள் பயிற்சி மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுபவர்கள் யார், சிபாரிசுக் கடிதம் யாரிடம் வாங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என்னைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் செய்திருப்பேனா என்று யோசித்தேன். பதில் பிடிக்கவில்லை, அதனால் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

பத்துப் பெண்கள் தொடுத்த அந்த வழக்கு 1978-இல் தோற்றது. டாக்டர்களுக்கும் நோயாளிகளுக்கும் இடையில் தகவல் பரிமாற்றம் முறிந்துபோனது, அவ்வளவுதான் என்றார் நீதிபதி. பெண்களுக்கு ஏற்பட்ட வேதனை அவர்களுடைய கலாச்சாரப் பின்னணியால் கூடிப்போனது என்ற பொருளிலும் எழுதினார். அவர்களுக்காகச் சாட்சி சொல்ல வந்த மானுடவியலாளரின் ஆய்வே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. வழக்கு தோற்றாலும் ஸ்பானிஷில் படிவம் வந்தது, நடைமுறை மாறியது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி 2018-இல் மன்னிப்புக் கேட்டது. நாற்பது வருடம் கழித்து!

நியூயார்க்கில் ரோட்ரிகஸ் ட்ரீயாஸும் அவருடன் இருந்தவர்களும் கேட்டது மிகச் சாதாரணமான விஷயங்கள். நோயாளியின் மொழியில் விளக்க வேண்டும். வலியில் இருக்கும்போதோ கருக்கலைப்புக்கு வந்திருக்கும்போதோ கையெழுத்து வாங்கக் கூடாது. மாட்டேன் என்றால் எந்தச் சலுகையும் போகாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். முப்பது நாள் அவகாசம் வேண்டும். 1975-இல் நகர அரசு மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்டன. 1977-இல் அது நகரச் சட்டமாகி, தனியார் மருத்துவமனைகளுக்கும் வந்தது. 1978 கடைசியில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது, அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்தன. இருபத்தொரு வயதுக்குக் கீழே கூடாது என்பதும் அதில் இருக்கிறது.

என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது, எதிர்த்தவர்கள் யார் என்பது. நான் அரசியல்வாதிகளை எதிர்பார்த்தேன். முன்வரிசையில் நின்றது மகப்பேறு மருத்துவர்கள். நோயாளியும் டாக்டரும் பேசும் இடத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்றார்கள். அப்புறம் பெண்ணுரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த, கருத்தடை சேவை நடத்தும் பிளான்ட் பேரன்ட்ஹுட் மாதிரியான அமைப்புகளும் காத்திருப்புக் காலத்தை எதிர்த்தன.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வெள்ளைக்கார நடுத்தர வர்க்கப் பெண்களின் பிரச்சினை நேர் எதிர். கேட்டாலும் கிடைக்காது. 1960-களின் கடைசி வரை மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் ஒரு கணக்குச் சொன்னது: பெண்ணின் வயதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 120 வர வேண்டும். முப்பது வயது, நாலு பிள்ளை என்றால் சரி. முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளை என்றால் 105, போய்ட்டு வா. அதோடு இரண்டு டாக்டர், ஒரு மனநல மருத்துவர் கையெழுத்து. இந்த வாய்ப்பாட்டிலிருந்து அப்போதுதான் தப்பித்து வந்த பெண்களிடம் போய் இன்னும் முப்பது நாள் பொறு என்றால் கடுப்பாகத்தானே இருக்கும்? ஒரே ஊரில், ஒரே வருடங்களில், ஒருத்தி கேட்டும் செய்ய மாட்டேன் என்றார்கள், இன்னொருத்தி கேட்காமலே செய்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே வெள்ளைக் கோட்டுதான். ரோட்ரிகஸ் ட்ரீயாஸ் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்று, தன் சகப் பெண்ணியவாதிகளிடமும் தன் சக மருத்துவர்களிடமும் பேச வேண்டியிருந்தது. மேடையில் எதிரியைத் திட்டுவது சுலபம், காலையில் சேர்ந்து காபி குடிக்கிறவர்களோடு மல்லுக்கட்டுவது அப்படியல்ல.

அவர் பின்னால் அமெரிக்கப் பொது சுகாதாரச் சங்கத்துக்குத் தலைவரான முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் ஆனார். 2001 ஜனவரியில் அதிபர் கிளின்டன் கையால் குடியரசுத் தலைவர் பதக்கம் ஒன்று வாங்கினார், அதே டிசம்பரில் புற்றுநோயில் இறந்தார்.

சரி, இப்போது அந்த முப்பது நாளை என்ன செய்வது? மகப்பேறு மருத்துவர் சங்கம் விதியைத் திருத்தச் சொல்கிறது. அந்தக் காலத்தில் எதிர்த்த அதே சங்கம்தான். ஆனால் இப்போது அது சொல்லும் காரணத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். படிவத்தில் ஒரு தேதி பிசகினால் மெடிகெய்ட் பணம் தராது. கிளினிக்கில் போட்ட கையெழுத்து மருத்துவமனைக்கு வந்து சேராமல் போகும். கேட்ட பெண்களில் கணிசமானவர்கள் பிரசவத்தோடு அது நடக்காமலே வீடு திரும்புகிறார்கள். பாதுகாக்கப் போட்ட வேலியில் அதே பெண்ணின் சேலைதான் மாட்டிக் கிழிகிறது.

ஒரு மாதம் முன்புவரை "தூக்கி எறியுங்கள்" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். இப்போது அவ்வளவு சுலபமாக வாய் வரவில்லை. கலிபோர்னியாச் சிறைகளில் 2005-க்கும் 2013-க்கும் இடையில் 144 பெண்களுக்குக் கருக்குழாய் அறுவை நடந்ததாக மாநிலத் தணிக்கை சொன்னது. அதில் 39 பேரின் சம்மதத்தில் குறை இருந்தது. ஜார்ஜியாவில் குடியேறிகளை அடைத்துவைக்கும் ஒரு மையத்தைப் பற்றி 2020-இல் ஒரு நர்ஸ் புகார் எழுப்பினார். தேவையில்லாத மகளிர் அறுவைகள் அங்கே நடந்ததாக 2022-இல் செனட் துணைக்குழு அறிக்கை கொடுத்தது. பழைய காலத்துக் கதை என்று மூடிவைக்க எனக்குத் தைரியம் இல்லை. என்னைக் கேட்டால், நாளைக் குறைக்கலாம், எல்லா இன்சூரன்ஸுக்கும் ஒரே விதி வைக்கலாம். மொழியில் மட்டும் கை வைக்கக் கூடாது. முப்பது நாள் இருந்தும், அந்தப் பெண்ணின் விஷயத்தில் உண்மையில் தவறியது 28-ஆவது வாரத்தில் அறுந்துபோன ஒரு மொழிபெயர்ப்பு இணைப்புதான். மறுபடி கூப்பிடாமல் விட்டது நான்தான்.

மருத்துவமனை, பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்வதைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் கிளினிக்கில் வராமல் போகிறவர்கள் கூடினார்கள். வராதவரிடம் எந்த மொழியில் விளக்குவது? அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அந்தப் பெண் ஆறாவது வாரப் பரிசோதனைக்கு வந்தார். முப்பது நாள் எப்போதோ தாண்டியிருந்தது. தனியாக ஒரு அறுவைக்குத் தேதி கொடுத்தோம். மூன்று பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார், யாரிடமும் பதில் இல்லை. அந்தத் தேதியில் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன், குரல் பெட்டி நிரம்பியிருக்கிறது என்று வந்தது.

இப்போதெல்லாம் 28-ஆவது வாரத்துக்கு முந்தின நாளே படிவத்தை எடுத்து வைத்துவிடுகிறேன், ஸ்பானிஷ் பிரதி மேலே இருக்கும்படி. போன வாரம் வந்தவர் இரண்டாவது பிள்ளைக்காரி. அவரே சத்தமாகப் படித்தார், விரலை வைத்து, ஒரு வரி விடாமல். ஏன் முப்பது நாள் என்று கேட்டார். நியூயார்க்கில் ஒரு டாக்டர் அம்மா இருந்தார் என்று சுருக்கமாகச் சொன்னேன், டேப்லெட்டில் இருந்த பெண் அழகாக மொழிபெயர்த்தார். "போரிக்குவாவா?" என்றார் இவர். போர்ட்டோ ரிக்கோக்காரரா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். "அதான். அவங்க வாய் சும்மா இருக்காதே" என்று சிரித்தார். டேப்லெட்டுக்குள் இருந்தவரும் சிரித்துவிட்டார், அந்தம்மா எந்த ஊரோ.

சிரிப்பு அடங்கியதும் மேசையைப் பார்த்தேன். பேனா அவர் பக்கம் இருந்தது, மூடி திறந்து, கையெழுத்துக் கோட்டுக்கு நேராக. எப்போது நகர்த்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் அதை எடுத்து மூடி போட்டு என் பக்கம் வைத்தார். காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன் என்று எழுந்தார்.